நாற்பத்தோராம் வீட்டின் இரண்டு தாள்கள்

முப்பது வருடம் கல்லூரியில் ஒரே பாடத்தை நடத்தினேன். ஒருவருடைய மனத்தை அறிய அவரிடமே கேள்வி கேட்டு, அவர் சொல்வதை எழுதிக்கொள்ளும் முறை பற்றிய பாடம். சுய அறிக்கை முறை என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடு போடுவேன். கேள்வி எப்படி இருக்க வேண்டும், யார் கேட்க வேண்டும், பக்கத்தில் யார் இருக்கக் கூடாது என்றெல்லாம் நிறுத்தி நிதானமாகச் சொல்லுவேன். எந்த நேரத்தில் கேட்க வேண்டும் என்ற இடம் வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். மாணவிகள் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பக்கம் குறைந்தால் சந்தோஷம்தான். எனக்கு அந்த இடத்தில் ஒரு பெண்ணின் முகம் வந்துவிடும். அவருக்கு நான் செய்தது துரோகம். இதைவிடக் கொஞ்சம் மெதுவான வார்த்தை கிடைக்குமா என்று பல வருடம் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. மனோதத்துவத்தில் பட்டம் வாங்கிவிட்டு, சேலத்தில் எங்கள் வீட்டில் ஒரு வருடமாகச் சும்மா இருந்தேன். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால், "உம் மக என்னமோ பைத்தியத்துக்குப் படிச்சிருக்காளாமே" என்று அப்பாவிடம் யாராவது ஒருவர் கேட்காமல் போக மாட்டார். அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கவே, வேலை என்று எது கிடைத்தாலும் போவது என்று இருந்தேன்.

கிடைத்தது. சேலத்திலேயே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வாடகை வீடு எடுத்து ஒரு பேராசிரியர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். கிராமத்துத் தாய்மார்களின் மனக்கஷ்டத்தைப் பற்றிய ஆய்வு. மோகனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அறுபது வீடுகளுக்குப் போய், வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் முப்பது கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். அறுபதையும் நானே செய்ய வேண்டும். அதன் பிறகு, மனநோய்க்கு வைத்தியம் படித்த பெண் டாக்டர் ஒருவர் ஒரே ஒரு நாள் அந்த ஊருக்கு வந்து, மிகவும் கஷ்டத்தில் இருக்கிற பத்துப் பேரைப் பார்ப்பார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட டாக்டர் ஒருவர் கிராமத்துக்கு வருவது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அந்தப் பத்துப் பேர் யார் என்பதை என் தாள்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து வந்தவை. பேராசிரியர் அவற்றை மேடைத் தமிழில் பெயர்த்திருந்தார். "தாங்கள் அயர்ந்த உறக்கம் கொள்கிறீர்களா?" என்று நான் கேட்டால் அந்த ஊரில் என்னை நாடகக்காரி என்று நினைப்பார்கள். பேச்சுக்கு மாற்றிக்கொள்ள அனுமதி வாங்கினேன். ஒன்றை மட்டும் மாற்ற விடவில்லை. கெட்டதை நேராகக் கேட்டால் பெண்கள் பயந்துவிடுவார்கள் என்று, எல்லாக் கேள்விகளையும் நல்ல பக்கமாகவே அமைத்திருந்தார். தூக்கம் நன்றாக வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, நாளைக்கு என்று நினைத்தால் மனதில் தெம்பு இருக்கிறதா. உண்டு என்றால் மதிப்பெண் கிடையாது. இல்லை என்றால் ஒன்று. எத்தனை இல்லையோ அத்தனை கஷ்டம்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் வீட்டில் தங்கிக்கொண்டேன். முதல் பத்து நாள் மத்தியானத்தில் போனேன். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெண்கள் எல்லாரும் கரும்புக் காட்டிலும் நெல் வயலிலும் இருந்தார்கள். வரப்பில் நின்று கத்திக் கேட்டு, அவர்கள் களை எடுத்துக்கொண்டே கத்திச் சொன்னதை எழுதினேன். பத்து நாளில் பன்னிரண்டு பேர்தான் முடிந்தது. இப்படிப் போனால் மாதக்கணக்கில் ஆகும்.

சாயங்காலம் போகலாம் என்பது என் யோசனை. காட்டிலிருந்து வந்து, முகம் கழுவி, வாசல் தெளித்து, மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, அடுப்பு மூட்டுவதற்கு முன் அந்தப் பெண்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். மனம் அடங்கியிருக்கிற நேரம் அதுதான் என்று நினைத்தேன். நினைத்ததற்குக் காரணம் எங்கள் வீடு. பொழுது சாய்ந்ததும் நாங்கள் எல்லாரும் முழங்காலில் நின்று செபமாலை சொல்லுவோம். முடிந்ததும் ஆத்தும சோதனை. காலையிலிருந்து என்ன தப்புச் செய்தோம், யார் மேல் கோபப்பட்டோம் என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் அப்பா சத்தமாகவே சொல்ல வைப்பார். உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைப்பதற்கு விளக்கு வைக்கிற நேரத்தைவிட நல்ல நேரம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லா வீடும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். இருபத்து மூன்று வயதில் உலகம் என்பது நம் தெரு அளவுதான்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அருமையான யோசனை அம்மா, அப்படியே செய்யுங்கள் என்று பதில் வந்தது. அந்தக் கார்டைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் வேலை ஓட்டமாக ஓடியது. ஒரு சாயங்காலத்துக்கு மூன்று வீடு, நான்கு வீடு. எல்லாரும் உட்காரப் பலகை போட்டார்கள். எல்லாரும் கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொன்னார்கள். தூக்கம் வருதுங்களா? வருதுங்க. மனசுக்குத் தெம்பு உண்டுங்களா? உண்டுங்க. கடைசிக் கேள்வி வரை உண்டுங்க, உண்டுங்கதான். கொஞ்சம் அதிகப்படியாக நிம்மதியான ஊர் இது என்று நினைத்ததோடு சரி.

நாற்பத்தோராம் வீட்டுப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு. அவரும் அவர் வீட்டுக்காரரும் கரும்பு வெட்டுக்குப் போகிறவர்கள். நான் போனபோது அப்போதுதான் விளக்கேற்றித் திரியைத் தூண்டிவிட்டுக் கொண்டிருந்தார். வேகவைத்த கடலைக்காய் ஒரு வட்டில் நிறைய வைத்தார். நான் கேட்கக் கேட்க, விளக்கைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"குழந்தைங்க எத்தனைக்கா?"

"ரண்டுங்க."

"ராத்திரி தூக்கம் நல்லா வருதுங்களா?"

"நல்லா வருதுங்க."

முப்பதும் அப்படியே. ஓர் இல்லை கூடக் கிடையாது. தாளின் அடியில் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. அமைதியானவர், மனநிறைவு உள்ளவர் என்று எழுதினேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது.

அறுபதும் முடிந்து, காலை முதல் பஸ்ஸுக்காக வாய்க்கால் கரையோடு நடந்து வந்தேன். கரும்புக் காட்டு மூலையில் அந்தப் பெண் புல்லுக்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெளம்பிட்டீங்களா அம்மிணி? பஸ்ஸு இன்னும் வல்லீங்க. சித்த உக்காருங்க."

உட்கார்ந்தேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "ஊருக்குள்ளயே நிம்மதியா இருக்கிறது நீங்கதான்க்கா, என் தாள்ல அப்படித்தான் வந்திருக்கு" என்று கேலியாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "வெளக்கு வெச்ச நேரத்துல வந்து கேக்கறீங்க. அன்னேரத்துல ஊட்டுக்குள்ள இல்லீங்கற வார்த்தையச் சொல்லலாமுங்களா? உப்பு இல்லீனாக்கூட நெறைய இருக்குதுன்னுதானுங்க சொல்லுவோம். உங்க ஊட்டுல சொல்லுவீங்களா?"

எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சொல்லுவதற்கென்றே முழங்காலில் நிற்போம் என்று எப்படி அவரிடம் சொல்வது?

அப்புறம் அவராகவே சொன்னார். குழந்தைகள் இரண்டல்ல, மூன்று. நடுவில் ஒரு பெண் குழந்தை, நான்கு வயது. மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. பத்து மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கண் மூடினால் குழந்தை தண்ணீர் கேட்கிற சத்தம். சோறு வாயில் வைத்தால் இறங்குவதில்லை. மற்ற இரண்டு குழந்தைகளும் பக்கத்தில் வந்தால் எரிச்சலாக இருக்கிறது, அதை நினைத்து அழுகை வருகிறது. வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார்.

"தண்ணிக்குப் போனா கெணத்தடியில காலு நின்னு போகுதுங்க அம்மிணி. எட்டிப் பாத்துக்கிட்டே நிப்பேன். பின்னால ஆரோ கூப்புட்டாத்தான் திரும்புவேன். அது தப்புன்னு தெரியுதுங்க. ஆனா நிக்கோணும்னு தோணுது."

பையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தேன். முப்பது கேள்விகளையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அந்தக் காலை வெயிலில் அவர் ஒவ்வொன்றுக்கும் யோசித்து, இல்லீங்க, இல்லீங்க என்று சொன்னார். இரண்டு மூன்று கேள்விக்குத்தான் உண்டு வந்தது. முதல் பஸ் போய்விட்டது, நான் எழுந்திருக்கவில்லை.

எழுதி முடித்ததும் அவரிடம் சொன்னேன்: "அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு டாக்டரம்மா வாராங்கக்கா. உங்க பேரத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. வந்துருங்க."

"அவிங்ககிட்டயும் இதெல்லாம் மறுக்காச் சொல்லோணுங்களா?"

"சொன்னா தூங்கறதுக்கு வழி பண்ணுவாங்க."

"சொல்லிப்போடறேனுங்க. உங்ககிட்ட ஒருக்காச் சொன்னதுக்கே நெஞ்சு கொஞ்சம் லேசானாப்பல இருக்குது." புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த பஸ்ஸில் நாமக்கல் வரை தாள்களை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தாளிலும் கேட்ட நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. இல்லை என்று நிறையச் சொன்ன பத்துப் பேரையும் தேடிப் பார்த்தேன். பத்துப் பேரும் அந்த முதல் பன்னிரண்டில் இருந்தார்கள், மத்தியானத்தில் வரப்பில் நின்று கத்திச் சொன்னவர்கள். விளக்கு வைத்த பிறகு கேட்ட நாற்பத்தெட்டு வீட்டிலும் கஷ்டம் என்பதே கிடையாது. நான் படித்த படிப்புக்கு, சாயங்காலம் போக ஆரம்பித்த மூன்றாம் நாளே இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். பாராட்டு வந்த கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தாள் எப்படிக் கண்ணில் படும்?

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் பேராசிரியர் முன் நின்றேன். அவர் கெட்டவர் அல்ல, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாற்காலி போட்டு உட்கார வைத்தார், காபி வரவழைத்தார். சாயங்காலம் போய்க் கேட்ட முறையை அறிக்கையின் முன்னுரையில் என் யோசனை என்றே எழுதப் போவதாகச் சொன்னார். சென்னையில் மேற்படிப்புக்கு என்னைச் சிபாரிசு செய்து கடிதம் அடித்து வைத்திருந்தார், அதை எடுத்துக் காட்டினார். என் பையில் நாற்பத்தோராம் வீட்டுக்கு இரண்டு தாள்கள் இருந்தன.

"சார், ஒரே ஆளைக் காலையில் மறுபடி கேட்டால் பதில் மாறினால் என்ன செய்வது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருவர் மாற்றினால் எல்லாரும் மாற்றியிருக்கலாம் அம்மா. அப்போது அறுபதையும் மறுபடி எடுக்க வேண்டும். டாக்டரையும் வர வேண்டாம் என்று நிறுத்த வேண்டும். மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. அப்படி ஏதாவது நடந்ததா? இருந்தால் இப்போதே சொல்லுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்."

அவர் நிஜமாகவே கோபித்திருக்க மாட்டார். அதனால்தான் எனக்கு இன்றுவரை சாக்கு இல்லாமல் போயிற்று.

"இல்லை சார்" என்றேன்.

தாள்களோடு சேர்த்து, கேள்வி கேட்டவர் தம்மைப் பற்றித் தாமே எழுதித் தர வேண்டிய பக்கம் ஒன்றும் இருந்தது. பதில் சொன்னவர்கள் மனம் திறந்து பேசியதாக நினைக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. ஆம் என்று எழுதினேன். வேலையில் ஏதேனும் தடங்கல் ஏற்பட்டதா என்று இன்னொரு கேள்வி. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பத்தோராம் வீட்டுக்குச் சாயங்காலத் தாளைக் கொடுத்தேன். காலைத் தாள் பையிலேயே இருந்தது.

என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு வழியும் கண்டுபிடித்தேன். பத்துப் பேருக்கு வருகிற வைத்தியத்தை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்? வியாழக்கிழமை டாக்டரைத் தனியாகப் பார்த்து, பதினோராவதாக இந்தப் பெண்ணையும் பாருங்கள் என்று வாயால் சொல்லிவிட்டால் போயிற்று. கிணற்றடி விஷயத்தைச் சொன்னால் எந்த டாக்டர் மாட்டேன் என்பார்? அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பைக் காலி செய்து டாக்டருக்கு மேஜை போட்டிருந்தது. அந்தப் பெண் எங்களுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். துவைத்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை, மடியில் கைக்குழந்தை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். அது வேறு ஒருவர். வேப்பமரத்தடியில் எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

டாக்டரைத் தனியாகப் பார்க்க முடியவில்லை. பேராசிரியர் பக்கத்து நாற்காலியை விட்டு நகரவே இல்லை, சாப்பாடும் அங்கேயே வந்தது. அவர் எதிரில் சொல்வது என்றால் அந்தக் கையெழுத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்காவது ஆள் போகட்டும் என்று இருந்தேன். சாப்பாடு முடியட்டும் என்று இருந்தேன். ஒரு தடவை கதவு வரை போய், "தண்ணி வேணுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒவ்வொரு பெயருக்கும் வேப்பமரத்தடியில் அந்தத் தலை நிமிர்ந்தது. குழந்தை அழுதபோது ஓரமாகத் திரும்பிப் பால் கொடுத்தார், ஆனால் பெயர் காதில் விழாமல் போய்விடுமோ என்று மரத்தை விட்டுப் போகவில்லை.

மூன்றரை மணிக்குப் பத்தாவது பெண் வெளியே வந்தார். டாக்டர் கை கழுவினார். ஜீப் வந்து நின்றது. இப்போது, இப்போது என்று நான் நின்றேன். பேராசிரியர் கதவைத் திறந்து பிடிக்க, டாக்டர் ஏறி உட்கார்ந்து, "நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள்" என்று என்னிடம் சொன்னார். ஜீப் புறப்பட்டது. தாள்களைக் கட்டி எடுத்து வர நான் பின்தங்கினேன்.

அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை. எனக்குக் கிடைக்க வேண்டியது கோபம்தான், அதைத் தாங்கியிருப்பேன்.

"எம்பட பேரைக் கூப்புடலீங்களே அம்மிணி."

தாள்கட்டின் முடிச்சை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

"நான் சொன்னதுல ஏதாச்சும் தப்பாப் போச்சுங்களா? அவிங்க கஷ்டத்துக்கு எங்கஷ்டம் பத்தாதுன்னு அந்தத் தாளு சொல்லிப்போடுச்சுங்களா?"

அந்தத் தாள் அப்போது என் தோளில் தொங்கிய பையில் இருந்தது. எடுத்துக் காட்டி, நீங்கள் சொன்னது சரி, கொடுக்காமல் விட்டவள் நான் என்று சொல்லியிருக்கலாம். ஜீப் போன புழுதி கூட அடங்கவில்லை, ஓடினால் முக்கில் பிடித்திருக்கலாம்.

"அப்படியெல்லாம் இல்லக்கா. டாக்டரம்மாவுக்கு நேரமாயிடுச்சு. அடுத்த தடவை வரும்போது உங்களத்தான் முதல்ல பார்ப்பாங்க" என்றேன். அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. அது அந்த ஊரில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவர் அதை நம்பினார். குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"செரிங்க. அன்னைக்கு வெடுக்குனு கேட்டதுல எனக்கு ஒழுங்காச் சொல்ல வல்லீங்க. அடுத்த தடவைக்கு இன்னும் நல்லாச் சொல்றேனுங்க அம்மிணி" என்றார்.